விளையாட்டில் கணக்கு: புளியங்கொட்டையும் தாயக்கட்டையும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கான பதில்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பாலக்கோடு, ஐந்தாம் வகுப்பு ஆசிரியை: வணக்கம் சார். வகுப்பில் 32 பிள்ளைகள். செலவில்லாமல் ஆரம்பிக்க ஒரே ஒரு ஆட்டம் சொல்லுங்கள்.

கொட்டை எடுக்கும் ஆட்டம். ஜோடிக்கு 21 புளியங்கொட்டை, 16 ஜோடிக்கு 336. மாசி, பங்குனியில் புளி தட்டுகிற வீட்டில் கேட்டால் முறத்தோடு கொடுத்துவிடுவார்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து டப்பாவில் போடுங்கள், இல்லையென்றால் வண்டு துளைத்துவிடும்.

முறை வரும்போது 1, 2 அல்லது 3 கொட்டை எடுக்கலாம். சும்மா விடக் கூடாது. கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு வெற்றி. அவ்வளவுதான் விதி.

முதல் பீரியடில் ஆடட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அடுத்த வகுப்பில் 21-ஐ விட்டுவிட்டு அடியிலிருந்து வாருங்கள். கரும்பலகையில் 1 முதல் 12 வரை எழுதி, “உன் முறை, எதிரே இத்தனை கொட்டை இருக்கு, ஜெயிப்பியா?” என்று கேளுங்கள். 1, 2, 3 இருந்தால் மொத்தமாக அள்ளிவிடலாம், ஜெயிப்பு. 4 இருந்தால் எதை எடுத்தாலும் எதிராளிக்கு 3, 2 அல்லது 1 மிஞ்சும், அவர் அள்ளிவிடுவார், ஆகவே தோல்வி. 5, 6, 7 என்றால் 1, 2, 3 எடுத்து அந்த 4-ஐ எதிராளி தலையில் கட்டலாம். 8-ல் மறுபடி தோல்வி. இதற்குள் யாராவது “12-உம் அப்படித்தான்” என்று கத்துவார்கள். அப்போது “ஏன்?” என்று கேளுங்கள். எதிராளி 1 எடுத்தால் நான் 3, அவர் 2 என்றால் நான் 2, அவர் 3 என்றால் நான் 1. ஒவ்வொரு சுற்றிலும் சரியாக 4 குறைகிறது. இது பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டும். 21-ல் முதலில் ஆடுபவர் 1 எடுத்து 20-ஐக் கொடுத்தால் ஆட்டம் அவர் கையில்.

பெரும்பாலான வகுப்புகள் இங்கே கைதட்டி முடித்துவிடுகின்றன. உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள்: கடைசிக் கொட்டையை எடுப்பவர் தோற்றார். இப்போது தோல்வி எண்கள் 1, 5, 9, 13, 17, 21. அதே 21-ல் முதலில் ஆடுபவர் மாட்டிக்கொள்கிறார்! “நாலின் மடங்கு” என்று மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே திணறும், காரணம் புரிந்த பிள்ளை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். பிறகு 1 முதல் 4 வரை எடுக்கலாம் என்று மாற்றுங்கள்.

கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான்: ஆசிரியரே சூத்திரத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தோற்கடித்துக் காட்டுவது. அவர்களுக்கு அது வித்தை மாதிரி தெரியும், கணக்கு மாதிரி தெரியாது.

பென்னாகரம், ஒரு அம்மா: மூன்றாவது படிக்கிற பையன் புலி, ஆடு, புல்லுக்கட்டு விடையைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். இதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

ஒப்பிப்பதால் இல்லை. ஆனால் அந்தப் புதிரில் இன்னும் நிறைய சரக்கு இருக்கிறது. ஒகேனக்கல் பரிசல் அவன் பார்த்ததுதானே, பரிசல்காரரோடு ஒரு பொருள்தான் ஏறலாம் என்று சொல்லி, மூன்று காகிதத் துண்டை வைத்து ஆடச் சொல்லுங்கள். விடை 7 கடத்தல்: ஆடு போகும், வெறும் பரிசல் திரும்பும், புலி போகும், *ஆடு திரும்பி வரும்*, புல்லுக்கட்டு போகும், வெறும் பரிசல் திரும்பும், ஆடு போகும். புதிதாகப் போடுகிற பிள்ளைகள் நின்றுபோவது நான்காவது கடத்தலில். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருவது தோல்வி என்று நினைக்கிறார்கள். பெரியவர்கள் உதவ வேண்டியது அங்கே மட்டும்தான். “திரும்பக் கொண்டுவரக் கூடாதுன்னு யார் சொன்னா?” என்ற ஒரு கேள்வி போதும்.

உங்கள் பையனுக்கு விடை தெரியும் என்பதால் இவற்றைக் கேளுங்கள். வேறு வழி உண்டா? உண்டு, புலியையும் புல்லுக்கட்டையும் இடம் மாற்றினால் போதும். பரிசலில் இரண்டு பொருள் ஏறலாம் என்றால்? புலியும் புல்லும் ஒன்றாகப் போகலாம், பிறகு ஆடு. 3 கடத்தலில் முடியும். 5 கடத்தலில் ஏன் முடியாது? இது கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு. 5 என்றால் போவது மூன்று, வருவது இரண்டு. மூன்று பொருளும் சேர வேண்டுமானால் வரும்போது பரிசல் வெறுமையாகத்தான் வர வேண்டும். முதலில் ஆடுதான் போக முடியும். இரண்டாவதாகப் போவது புலியானாலும் புல்லானாலும் அதை ஆட்டோடு விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே முடியாது. “முடியாது” என்பதை நிரூபிக்கலாம் என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்ள இதைவிட எளிய இடம் எனக்குத் தோன்றவில்லை.

ஓசூர், ஏழாம் வகுப்பு மாணவனின் அப்பா: தாயம் ஆடும்போது 12 விழுவதுதான் ரொம்ப அபூர்வம் என்கிறான். சரியா?

பாதி சரி. முதலில் உங்கள் வீட்டுக் கட்டையைப் பாருங்கள். வழக்கமான பித்தளைக் கட்டையின் நான்கு பக்கங்களில் 0, 1, 2, 3 புள்ளிகள் இருக்கும். இரண்டு கட்டைக்கு 4 × 4 = 16 விதம். இரண்டிலும் 0 விழுந்தால் அது 12. பட்டியல் போட்டால் இப்படி வரும்:

12: 1 விதம்
1 (தாயம்): 2
2: 3
3: 4
4: 3
5: 2
6: 1

ஆக 12 எவ்வளவு அபூர்வமோ 6-உம் அவ்வளவே. அதிகம் விழுவது 3, நான்கில் ஒரு தடவை. மறு ஆட்டம் தருகிற 1, 5, 6, 12 நான்கும் சேர்ந்து 16-ல் 6.

பிள்ளைகள் செய்கிற தப்பு, “0-உம் 1-உம்”, “1-உம் 0-உம்” இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவது. அப்போது மொத்தம் 10 விதம் என்று வந்து எல்லாம் குழம்பிவிடும். இதை வாயால் விளக்கிப் பயனில்லை. ஒரு கட்டையில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். நூல் கட்டையில் 0, மற்றதில் 1 என்பது வேறு, நூல் கட்டையில் 1, மற்றதில் 0 என்பது வேறு என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

தாயம் விழாமல் உட்கார்ந்திருப்பதையும் கணக்கிடலாம். ஒரு வீச்சில் விழாத வாய்ப்பு 7/8. எட்டு வீச்சிலும் விழாத வாய்ப்பு 7/8-ஐ எட்டு முறை பெருக்கினால் வரும்: சுமார் 0.34. “எட்டில் ஒன்று, எட்டு தடவை போட்டால் நிச்சயம் விழும்” என்று நம்பியவர்களில் மூன்றில் ஒருவர் வெறுங்கையோடு இருப்பார்.

சோழி போட்டு ஆடினால் இந்தக் கணக்கு செல்லாது. சோழி குப்புற விழுவதும் மல்லாந்து விழுவதும் சரிபாதி என்று நம்ப வேண்டாம். ஒரே சோழியை 100 தடவை போட்டு எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைக்கும் அப்படியே.

தளி, தொடக்கப்பள்ளி ஆசிரியர்: பாதிப் பேருக்கு வீட்டில் கன்னடமோ தெலுங்கோதான். தமிழில் புதிர் சொன்னால் விழிக்கிறார்கள்.

சொற்புதிரை ஒத்திவையுங்கள். நான்கு நிறத்தில் நான்கு நான்காகப் பாட்டில் மூடிகள், தரையில் சாக்பீஸால் 4 × 4 கட்டம், நடுவில் தடித்த கோடு போட்டு நான்கு 2 × 2 அறைகள். ஒவ்வொரு வரிசை, நிரல், அறையிலும் நான்கு நிறமும் ஒரு தடவை வர வேண்டும். இந்த அளவு சுடோகுவில் ஒரே விடை வரக் குறைந்தது 4 மூடி முன்கூட்டியே வேண்டும், ஆனால் அதை ஆரம்பத்தில் கொடுத்தால் அழுவார்கள். 8 வைத்துத் தொடங்கி, வாரம் ஒன்றாகக் குறையுங்கள்.

மூடியை வைக்கும் பிள்ளை, எந்த மூடிகள் மற்ற நிறங்களைத் தடுக்கின்றன என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தொட்டுக் காட்டுவது பழகியபின் “வர முடியாது”, “அதனால்” என்ற இரண்டு சொல்லைச் சேருங்கள். காரணத்தை அவர்கள் கன்னடத்தில் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊத்தங்கரை, ஒன்பதாம் வகுப்பு கணித ஆசிரியர்: தேற்றத்தையும் அதன் மறுதலையையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966-ல் வெளியிட்ட அட்டைப் புதிரைத் தமிழில் போடுங்கள். நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். தெரிவது: அ, க, 4, 7. விதி: “ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டை எண்.” விதி சரியா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்?

அதிகம் பேர் சொல்வது அ, 4. சரியான விடை அ, 7. நாலுக்குப் பின்னால் என்ன இருந்தாலும் விதி உடையாது. ஏழுக்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். வாதாடவிட்டு, உடனே இதைக் கொடுங்கள்: “கியர் பைக் ஓட்டினால் 18 வயது ஆகியிருக்க வேண்டும்.” அட்டைகள்: பைக் ஓட்டுகிறார், சைக்கிள் ஓட்டுகிறார், வயது 20, வயது 15. இதில் பெரும்பாலும் தவற மாட்டார்கள். இரண்டும் ஒரே கணக்கு என்று அவர்களே பொருத்தட்டும்.

பிறகு பாடத்துக்கு வாருங்கள். செவ்வகம் என்றால் மூலைவிட்டங்கள் சமம். மூலைவிட்டங்கள் சமம் என்றால் செவ்வகமா? இருசமபக்கச் சரிவகத்தை வரைந்து காட்டினால் முடிந்தது.

மொரப்பூர், ஒரு தாத்தா: வீட்டில் பழைய படி, உழக்கு எல்லாம் கிடக்கிறது. பேத்திக்கு ஏதாவது செய்யலாமா?

தாராளமாக ஐயா. ஆழாக்கு, உழக்கு, உரி, படி: ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 1, 2, 4, 8 ஆழாக்கு. ஒவ்வொன்றையும் ஒரு தடவைக்கு மேல் நிரப்பக் கூடாது என்று சொல்லி, 11 ஆழாக்கு கேழ்வரகு கேளுங்கள். படி, உழக்கு, ஆழாக்கு என்று எடுப்பாள். 1 முதல் 15 வரை எதுவும் வரும், ஒவ்வொன்றும் ஒரே வழியில்தான் வரும். கம்ப்யூட்டர் எண்களை வைத்துக்கொள்வதும் இந்த முறையில்தான். உரி இல்லையென்றால் எந்தெந்த அளவு வராமல் போகும் என்றும் கேட்டுப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி, ஒரு அம்மா: செஸ் வகுப்பில் சேர்த்தால் கணக்கு வந்துவிடுமா?

செஸ் வரும். பின்னம் வராது. பிடித்திருந்தால் சேருங்கள்.

அரூர், ஆறாம் வகுப்பு ஆசிரியை: ஒரு பையன் உடனே விடையைக் கத்திவிடுகிறான், மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

விடையைச் சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் விதி போடுங்கள். அவனுக்குத் தனியாக வேலை வேண்டும்: அதே புதிரில் ஒரு எண்ணை மாற்றி, சரியாக ஒரே ஒரு விடை வருகிற புதிய புதிரை உருவாக்கட்டும். முதல் முயற்சியில் இரண்டு, மூன்று விடை வருகிற புதிராகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பக்கத்துப் பெஞ்சுக்குக் கொடுங்கள். கொட்டை ஆட்டத்தில் அவனை வேண்டுமென்றே தோற்கச் சொல்லலாம், எதிராளிக்குத் தெரியாமல். அதற்கும் அதே அட்டவணை முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும்.