கேப்டன் அமெரிக்கா 'ஹெயில் ஹைட்ரா' என்றதும் வாசகர்கள் ஏன் கொதித்தார்கள்?

ஏற்கெனவே சொன்ன கதையின் பழைய சம்பவங்களைப் பின்னால் வரும் இதழில் மாற்றி எழுதுவதுதான் 'ரெட்கான்'; இங்கே கோபத்தைக் கிளப்பியதும் அதுதான். 2016 மே மாதம் வந்த மார்வெல் காமிக்ஸ் இதழின் முடிவில், சூப்பர்ஹீரோ கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸ் 'ஹெயில் ஹைட்ரா' (ஹைட்ரா வாழ்க) என்று சொல்ல, அவர் சிறுவயதிலிருந்தே ஹைட்ரா என்ற வில்லன் கூட்டத்தின் ஆள் என்று காட்டினார்கள். நாம் நம்பி வீட்டுச் சாவியைக் கொடுத்துவைத்த பக்கத்து வீட்டுக்காரர் திருடர்களின் கூட்டாளி என்று தெரிந்தால், பழகிய அத்தனை வருடமும் சந்தேகமாகிவிடும் அல்லவா? அப்படித்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதர்கள்; 1941 மார்ச் என்று தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரைக் குத்தியவர் இவர். ஹைட்ராவோ நாஜிகளோடு தொடர்புள்ள கூட்டம். கோபம் நியாயம்தான், என்னைக் கேட்டால்.

ஆனால் 'மார்வெல் அவரை நிரந்தர வில்லனாக்கிவிட்டது' என்பது தவறு: அவரது பரம எதிரி ரெட் ஸ்கல், நிஜத்தையே மாற்றும் சக்தியுள்ள காஸ்மிக் கியூபை வைத்து அவரது கடந்தகாலத்தை மாற்றியது அடுத்த இதழிலேயே தெரிந்தது, 2017இல் உண்மையான ஸ்டீவும் திரும்பினார்.