பழைய மங்கலான படத்தைச் செயலியில் போட்டால் தெளிவாக வருகிறதே, அந்த முகத்தை நம்பலாமா?

உங்கள் வீட்டிலும் பெரியவர் ஒருவர் தவறியிருப்பார். அவருக்கென்று இருப்பது ஒரே படம், அதுவும் கல்யாணக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நிற்பது. சரிதானே? அப்படியென்றால் நம்பாதீர்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் ஸ்டூடியோ அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. அவர் நெகட்டிவ் மேல் பென்சில் பிடித்து டச்சிங் செய்தவர். நான் கணினியில் செய்கிறேன். போன வருடம் காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். இரண்டு நாளில் அப்பாவுக்குக் காரியம், பிரேம் போட்டு மாலை போட வேண்டும். கையிலிருந்த குரூப் படத்தில் முகம் ஒரு சென்டிமீட்டர்தான். பூஞ்சை வேறு, கடல் காற்றில் எங்கள் பக்கத்துப் படங்கள் பலவும் அப்படித்தான் ஆகின்றன. அவசரத்துக்குச் செயலியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இமைமுடியை எண்ணலாம் போல வந்தது. "சூப்பர்ணா" என்று வாங்கிப் போனார்.

சாயங்காலம் அவருடைய அம்மா பிரேமோடு வந்தார். "மூஞ்சி நல்லாத்தான் கீது. ஆனா இது யாருப்பா? எங்க வூட்டுக்காரரு இல்லியே." இடது புருவத்தில் தூண்டில் முள் கிழித்த தழும்பு இருக்குமாம். செயலி அதைக் கறையோடு கறையாக அழித்துவிட்டது. எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்த அம்மா முதலிலேயே வந்திருந்தால் திரையில் காட்டிக் கேட்டிருப்பேன். எப்படி வருவார்? கடை வாசலில் பள்ளம் தோண்டி எட்டு மாதம் மூடாமல் விட்டிருந்தார்கள். நான்கு முறை மனு கொடுத்தேன். அன்றைக்கும் இரண்டு பேர் கைப்பிடித்துத்தான் அந்த அம்மாவைத் தாண்ட வைத்தார்கள். வயதானவர்கள் யாருமே அந்த எட்டு மாதம் கடைக்கு வரவில்லை. இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். சொல்ல வேறு இடம் இல்லை.

சரி, செயலிக்கு வருவோம். அது உங்கள் படத்துக்குள் ஒளிந்திருக்கும் முகத்தைத் தேடி எடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகி, இந்த மங்கலுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு முகத்தைப் புதிதாக வரைகிறது. கணினிக்கு முகம் பழக்கும் ஆய்வுகளில் அதிகம் புழங்கும் ஒரு தொகுப்பில் 70,000 முகங்கள் இருக்கின்றன, எல்லாம் ஃபிளிக்கர் என்ற படம் பகிரும் தளத்திலிருந்து எடுத்தவை. நாற்பது வருடம் கடலுக்குப் போய் வெயில் வாங்கிய காசிமேட்டு முகம் அதில் எத்தனை இருக்கும்? 2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய பல்ஸ் என்ற நிரலில் ஒபாமாவின் மங்கலான படத்தைப் போட்டார்கள். ஒரு வெள்ளைக்காரர் வந்தார். உலகமே அறிந்த முகத்துக்கே அந்தக் கதி.

கணினியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொழில் போகிற பயத்தில் எழுதுகிறேன் என்று சிலர் வருவார்கள், அவர்களுக்கும் இதுதான் பதில். அன்று இரவு நான் செய்ததும் கணினி வேலைதான். படத்தை 1200 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தேன். அந்த ஒரு சென்டிமீட்டரில் 472 புள்ளிகள் கிடைத்தன. பூஞ்சைப் பொட்டுகளுக்கு மீடியன் ஃபில்டர். ஒரு புள்ளியைச் சுற்றியுள்ளவற்றின் அளவுகளை வரிசைப்படுத்தி, நடுவில் வருவதை அந்த இடத்தில் வைக்கும் முறை அது. பொட்டு இருந்த இடங்களில் மட்டும் போட்டேன், புருவத்தைத் தொடவில்லை. மற்ற கீறல்களைக் கையாலேயே எடுத்தேன். விடிந்துவிட்டது. பிரேமில் முகம் 15 சென்டிமீட்டர் வந்தது. கிட்டப் போனால் மங்கல்தான், ஆனால் சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்றால் மனிதர் தெரிந்தார். அந்த அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் புருவத்தில் விரல் வைத்துப் பார்த்தார். காசு வாங்கவில்லை.

உங்கள் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அப்புறம், பிரிண்ட் போடுவதற்கு முன் அவரோடு வாழ்ந்தவர் ஒருவரைத் திரை முன்னால் உட்கார வையுங்கள்.