கம்பூட்ஸ் ஒழுகவில்லை, ஆனாலும் சாக்ஸ் நனைகிறதா?

மழை பேண்ட்டின் காலை கம்பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். புது பூட்ஸ் இப்போது வேண்டாம். பேண்ட்டின் நுனியில் ஒரு எலாஸ்டிக் பட்டி இருந்தால், அதை பூட்ஸின் அடியில் மாட்டிவிடுங்கள். பேண்ட் மேலே ஏறாது.

நாலு வயது மகன் இங்கிலாந்தின் நவம்பர் மழையில் காட்டுப் பள்ளி (மரங்களுக்கு நடுவே வெளியிலேயே நடக்கும் வகுப்பு) முடிந்து ஈரக் காலோடு நடுங்கிக்கொண்டே வருகிறான் என்றீர்கள். பேண்ட்டை உள்ளே செருகியிருந்தால் அதில் வழியும் மழை நேராகப் பாதத்துக்குத்தான் போகும். என் மகளுக்கும் இதே கதைதான். ஒரு நாள் அவள் சாக்ஸைப் பிழிந்தபோது அரை டம்ளர் தண்ணீர் வந்தது.

சந்தேகம் தீர, பூட்ஸுக்குள் டிஷ்யூ காகிதம் வைத்து, வாளித் தண்ணீரில் கணுக்கால் வரை பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காகிதம் காய்ந்தே இருந்தால் பூட்ஸ் சரி.

அப்புறம், உள்ளே பருத்தி வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு அதுதான் சுகம், ஆனால் குளிரில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக் கிடக்கும். மெரினோ கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி போதும். இரண்டு ஜோடி போட்டு பூட்ஸ் இறுகிவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். விரல்களை ஆட்ட இடம் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காட்டுப் பள்ளியில் தீ மூட்டும் நாளில் நைலானும் ஃப்ளீஸும் (மென்மையான செயற்கைத் துணி) பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அன்றைக்கு மேலே என்ன போடலாம் என்று ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.