கூட்டத்தின் வால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

சைக்கிள் பந்தயம் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறவன் நான். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு அமெச்சூர் அணியாக ஓட்டுகிறோம். எல்லோருமே வேலைக்குப் போகிறவர்கள். பந்தயம் இல்லாத நான்கு மாதமும் விடிவதற்குள் எழுந்து ஒழுங்காகப் பயிற்சி செய்தோம். அதில் பாதி நாள் வீட்டுக்குள் ட்ரெய்னரில், அதாவது சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் கருவியில். ஒரு மணிநேரம் தொடர்ந்து கொடுக்க முடிகிற என்னுடைய மிதிசக்தி போன வருடத்தைவிட 20 வாட் கூடியிருக்கிறது.

சீசனில் முதல் மூன்று சாலைப் பந்தயங்கள் முடிந்துவிட்டன. முதலாவதில் பாதித் தூரத்திலேயே, ஒன்றாகச் சேர்ந்து ஓட்டுகிறவர்களின் கூட்டத்திலிருந்து கழன்றுவிட்டேன். இரண்டாவதில் பக்கக்காற்று அடித்துக் கூட்டம் துண்டு துண்டானபோது நாங்கள் ஆறு பேருமே கடைசித் துண்டில் இருந்தோம். மூன்றாவது இன்னும் மோசம். எங்களில் ஒருவர் வேறு நான்கு பேரோடு முன்னால் பிரிந்து போனார். கூட்டத்தை இழுத்துக்கொண்டு போய் அவரைப் பிடித்தது எங்கள் அணிக்காரர் ஒருவரே. அதே பந்தயத்தில் இன்னொரு நண்பர் முன்னால் போனவரின் பின்சக்கரத்தில் உரசி விழுந்தார். எலும்பு முறியவில்லை, சிராய்ப்புதான். திரும்பி வரும்போது வண்டிக்குள் யாரும் யாரோடும் பேசவில்லை.

உடம்பு தயாராக இருந்தும் ஏன் இப்படி ஆகிறது? பயிற்சியை இன்னும் கூட்ட வேண்டுமா? இல்லை, எங்களுக்கு இது ஒத்துவராதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விழுந்த நண்பரை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அவர் தலை தரையில் பட்டிருந்தால் அந்த ஹெல்மெட்டை இனி போட வேண்டாம். வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கிவிட்டால் அடுத்த அடியை அது தாங்காது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். வாட் இருக்கிறது, எத்தனை மாதம் பயிற்சி செய்தீர்கள் என்பது இருக்கிறது, யார் யாரைத் துரத்தினார் என்பதும் இருக்கிறது. கூட்டத்தில் நீங்கள் எத்தனையாவது ஆளாக ஓட்டினீர்கள் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. நானாக ஊகிக்கிறேன்: மூன்று பந்தயத்திலும் வாலில் இருந்தீர்கள். பதில் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சீசனின் முதல் பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரு கூச்சம் இருக்கும். நான்கு மாதமாகத் தனியாக ஓட்டிப் பழகிய உடம்பு அது. இரண்டு பக்கமும் முழங்கை உரச, முன்சக்கரத்துக்கும் அடுத்தவர் பின்சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளியில் போவதென்றால் மனம் ஒப்பாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவுவோம். அங்கே காற்றும் கம்மி, யாரும் இடிக்க மாட்டார்கள். சக்தியைச் சேமிக்கிறோம் என்ற நினைப்பு வேறு. அந்த நினைப்பில் பாதி உண்மைதான். 2018இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெர்ட் ப்ளாக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட ஒரு கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்து அளந்தார்கள். கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் உள்ளே ஒளிந்திருப்பவருக்கு, தனியாக ஓட்டுபவர் வாங்கும் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதத்தை மட்டும் தாங்கினால் போதும் என்று கண்டார்கள். நம்ப முடியாத அளவுக்குக் குறைவு.

ஆனால் அந்த ஆய்வில் எல்லோரும் ஒரே வேகத்தில் நேராகப் போகிறார்கள். நீங்கள் ஓட்டிய சாலையில் திருப்பங்கள் இருந்தன.

ஒரு வலது திருப்பத்தை எடுத்துக்கொள்வோம். முதல் ஆள் பிரேக்கைத் தொடாமல், மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்திலேயே சாய்ந்து வளைந்து போய்விடுவார். அவருக்குப் பாதை முழுவதும் காலி. பத்தாவது ஆள் லேசாக பிரேக்கில் விரல் வைப்பார். முப்பதாவது ஆள் அழுத்துவார். அறுபதாவது ஆள் திருப்பத்துக்கு வரும்போது அங்கே கூட்டம் நெருங்கி ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கும். ரப்பர் கருகும் வாசனை, பிரேக் கீச்சிடும் சத்தம், யாரோ “மெதுவா, மெதுவா” என்று கத்துவது. அவர் வேகம் 20க்கு விழுந்திருக்கும். அதற்குள் முதல் ஆள் திருப்பம் தாண்டி நேர்ச்சாலையில் 45ஐத் தொட்டிருப்பார். இப்போது அறுபதாவது ஆள் ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து, சீட்டிலிருந்து எழுந்து, பத்துப் பதினைந்து நொடி முழுப் பலத்தோடு மிதித்தால்தான் முன்னால் இருப்பவரின் சக்கரத்தைப் பிடிக்க முடியும். பிடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும்.

சுற்றுக்கு ஆறு திருப்பம், பத்துச் சுற்று என்றால் அறுபது முறை இது நடக்கிறது. முன்னால் இருப்பவருக்கு அறுபது திருப்பம், உங்களுக்கு அறுபது ஸ்பிரிண்ட். மிதிசக்தியை அளக்கும் உங்கள் பவர் மீட்டரின் பதிவைத் திறந்து, சராசரியைப் பார்க்காமல் திருப்பங்களுக்குப் பிறகு வரும் கூர்முனைகளை எண்ணிப் பாருங்கள். ட்ரெய்னரில் சீராக மிதித்துச் சேர்த்த 20 வாட்டும் அந்த முனைகளில் கரைந்து போயிருக்கும். பாதித் தூரத்தில் கழன்று போனதற்கு உங்கள் காலைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. நல்ல காலைத் தப்பான இடத்தில் செலவழித்தீர்கள், அவ்வளவுதான்.

பக்கக்காற்று விஷயமும் இதேதான், இன்னும் கொஞ்சம் கொடூரமாக. காற்று நேர் எதிரே வந்தால் முன்னால் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒளியலாம். இடமிருந்து அடித்தால் அவருக்கு வலது பக்கம், சற்றுப் பின்னால்தான் மறைப்பு. அவருக்கு வலப்பக்கம் இன்னொருவர், அவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் என்று சாலையின் குறுக்கே ஒரு சாய்வரிசை உருவாகும். சாலை எவ்வளவு அகலமோ அத்தனை பேருக்குத்தான் அதில் இடம். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் சாலை தீர்ந்துவிடும். அதற்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் ஓரத்தில் ஒற்றை வரிசையாக, மறைப்பே இல்லாமல், முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வரிசையில் ஒருவர் தளர்ந்து ஒரு சைக்கிள் நீளம் விட்டால் போதும். அவருக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேருக்கும் பந்தயம் அங்கே முடிந்தது.

இதற்கு இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, பந்தயத்துக்கு முன்பே பாதையைப் பார்த்து, காற்று பக்கவாட்டுக்கு மாறும் திருப்பம் எது என்று குறித்துக்கொள்வது. கொடி, மரக்கிளை, ஓரத்துப் புல் எல்லாம் காற்றைக் காட்டிக்கொடுக்கும். அந்தத் திருப்பத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலிருந்தே முதல் பதினைந்து பேருக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் சாய்வரிசையில் இடம் கிடைக்கவில்லையா, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் தொங்காதீர்கள். உடனே நீங்களே இரண்டாவது சாய்வரிசையைப் போடுங்கள். நீங்கள் ஆறு பேர் இருக்கிறீர்கள். ஒரே இடத்தில் ஆறு பேர் இருந்து, ஒருவர் குரல் கொடுத்து, எல்லோரும் மாறி மாறி முன்னால் வந்தால் முதல் துண்டைக் கண்பார்வையிலேயே வைத்திருக்கலாம். தனித்தனியாக ஆறு பேர் எப்படித் தவித்திருப்பீர்கள் என்று யோசித்தால் எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, மூன்றாவது பந்தயத்துக்கு வருகிறேன்.

சொந்த அணிக்காரரைத் துரத்திய நண்பர் மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. நானும் இதைச் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால், சீசனின் இரண்டாவது பந்தயம். கடைசி ஐந்து கிலோமீட்டர். முன்னால் ஒருவர் தனியாகப் போகிறார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் என் முன்சக்கரமும் அதன் அடியில் ஓடும் தாரும்தான். மூக்கிலிருந்து வியர்வை ஒரே இடத்தில், ஹேண்டில்பாரின் நடுவில், சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் முப்பது பேர் வசதியாக வருகிறார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எட்டிப் பிடித்ததும் முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் அணியின் சட்டை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதில் துரோகமோ பொறாமையோ இல்லை. முன்னால் போனது யார் என்று தெரியாமல், இதயம் 180இல் அடிக்கும்போது, கால் தானாகச் செய்த வேலை. அதனால்தான் இதை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். நம் ஆள் முன்னால் இருந்தால் மற்ற ஐந்து பேரும் கூட்டத்தை இழுக்கக் கூடாது. மற்ற அணிக்காரர்கள் இழுக்கட்டும். அவர்களுடைய சக்கரத்தில் உட்கார்ந்து போங்கள். அங்கிருந்து யாராவது முன்னால் பாய்ந்தால் அவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அவருக்கு முன்னால் போய் முறை எடுத்து உதவாதீர்கள். அப்புறம், யாராவது பிரிந்து போகும்போது பார்த்தவர் சட்டையின் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் அதற்குப் பிறகு இதை ஒரு கடமையாகவே வைத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் கேட்கிறேன். அன்று உங்கள் அணி யாருக்காக ஓட்டியது? ஆறு பேரும் ஆளுக்கு ஒரு வெற்றியை மனதில் வைத்துக்கொண்டு வந்திருந்தால் அது அணி ஆகாது. ஒரே நிறச் சட்டை மட்டும்தான் மிச்சம். மற்றவருக்காக உழைக்கும் வீரரை பிரெஞ்சில் டொமெஸ்டிக் என்பார்கள். வேலையாள் என்று பொருள். 1911 டூர் டி பிரான்ஸில் மோரிஸ் ப்ரோக்கோ என்ற வீரர் இன்னொருவருக்கு உதவினார் என்று பந்தயத்தை நடத்திய ஆன்றி டெக்ராஞ்ச் அவரை இகழ்ந்து சொன்ன சொல் அது. இன்று அதையே வீரர்கள் மரியாதையோடு சொல்கிறார்கள். அமெச்சூர்களுக்குச் சம்பளம் கிடையாது, அதனால் யாரும் அந்த வேலையை ஏற்க மாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். முறைவைத்துப் பாருங்கள். இந்தப் பந்தயம் இவருக்கு, அடுத்தது அவருக்கு. அடுத்தவருக்காக ஒரு பந்தயம் முழுக்கக் காற்றை வாங்கிக் கொடுத்துவிட்டு வரும்போது இருக்கும் நிறைவு, தனியாகப் பன்னிரண்டாவது இடம் பிடிப்பதில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

சக்கரம் உரசி விழுவதைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு சக்கரம் உரசினால் பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான் விழுவார். சைக்கிளின் சமநிலை முன்சக்கரத்தின் திருப்பத்தில் இருக்கிறது. அது ஒரு பக்கம் தடுக்கப்பட்டால் வண்டியை நிமிர்த்த வழியில்லை. ஆகவே முன்சக்கரத்தை அடுத்தவர் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவிடாமல், அதற்குப் பின்னாலேயே வைத்திருக்க வேண்டும். பக்கக்காற்றில் வரிசை சாயும்போது இது முடியாது. அங்கே இரு மடங்கு கவனம். கண் அந்தச் சக்கரத்தின் மேலேயே குத்தி நிற்கக் கூடாது. அவர் தோளுக்கு மேலாக, இரண்டு மூன்று பேருக்கு அப்பால் பாருங்கள். அங்கே நடப்பது ஒரு நொடி கழித்து உங்களிடம் வரும். ஒரு புல்தரையில் இரண்டு இரண்டு பேராக, நடக்கிற வேகத்தில், தோளோடு தோள் இடித்து, சக்கரத்தை வேண்டுமென்றே உரசிப் பழகுங்கள். விழுந்தாலும் புல்தான். உரசல் பழகிய உடம்பு பதறாது. பதறாத ஆள்தான் கூட்டத்தின் முன்பகுதியில் நிற்க முடியும்.

பயிற்சியைக் கூட்ட வேண்டாம். வாரத்தில் ஒருநாள் ட்ரெய்னரை விட்டுவிட்டு ஆறு பேரும் சேர்ந்து ஓட்டுங்கள். பதினைந்து நொடி பாய்ச்சல், அரை நிமிடம் ஆசுவாசம், மறுபடி பாய்ச்சல். பந்தயத்தில் முதல் அரைமணிக்குள் சாப்பிட ஆரம்பித்துவிடுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். படபடப்பில் எல்லோரும் மறப்பது இதைத்தான்.

ஒத்துவராதா என்று கேட்டீர்களே. 2016 பிப்ரவரி கடைசியில் பெல்ஜியத்தில் சீசனைத் தொடங்கிவைக்கும் ஓம்லோப் ஹெட் நியூஸ்ப்லாட் பந்தயத்தில் ஆஸ்திரேலிய வீரர் மாத்யூ ஹேமன் விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டார். வயது 37. வெளியே ஓட்ட முடியாமல் வீட்டில் ட்ரெய்னரில் மிதித்தார். ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 10 அன்று, பிரான்ஸின் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஆரம்பத்திலேயே பிரிந்த கூட்டத்தில் போய், கடைசியில் வெலோட்ரோம் என்ற சைக்கிள் ஓடுதளத்தில், அந்தப் பந்தயத்தை நான்கு முறை வென்ற டாம் பூனனை ஸ்பிரிண்டில் தோற்கடித்தார். இதை விடாமுயற்சிக் கதையாக எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அது ஹேமனுக்குப் பதினைந்தாவது பாரிஸ்–ரூபே. கால் ட்ரெய்னரில் வந்திருக்கலாம். எந்த இடத்தில் எத்தனையாவது ஆளாக இருக்க வேண்டும் என்பது முந்தைய பதினான்கு முறை ஓட்டியதில் வந்தது. உங்களுக்கு ஆகியிருப்பது மூன்று பந்தயம்.

நான்காவதில் முடிவைப் பற்றி யோசிக்காதீர்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முதல் இருபது பேருக்குள் நுழைவது, ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில் இருப்பது, இந்த இரண்டு மட்டும் போதும். எத்தனை திருப்பத்தில் முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நான் துரத்திப் பிடித்த அந்த நண்பரிடம் போய்ப் பேச எனக்கு ஒன்பது நாள் ஆனது. “ஆள் தெரியலடா” என்று தொடங்கினேன். “தெரியும், உன் முகத்திலேயே தெரிஞ்சுது” என்றார். அடுத்த பந்தயத்தில் கடைசி ஒரு கிலோமீட்டர் எனக்கு முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். உங்கள் அணியில் துரத்தியவர் முதல் வார்த்தை பேசக் கூசிக்கொண்டிருப்பார். நீங்களே இருவரையும் இன்று கூப்பிடுங்கள்.

அன்புடன்.