முதலில் டிஎஸ்-2019, அப்புறம்தான் தேதி

பரிமாற்றத் திட்டங்களுக்குத் தரும் ஜே-1 விசாவில் ஒரு வருடம் அமெரிக்கா போய்வந்த தஞ்சாவூர்க்காரி நான். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில்.

அக்கா, தேர்வாகிவிட்டேன் என்று மெயில் வந்துவிட்டது. நேர்காணலுக்குத் தேதி போட்டுவிடலாமா? (கும்பகோணம்)

பொறு. மெயில் வேறு, டிஎஸ்-2019 என்ற தகுதிச் சான்றுப் படிவம் வேறு. உன்னை அழைக்கும் ஸ்பான்சர் அந்தப் படிவத்தை அனுப்பவேண்டும், அதில்தான் செவிஸ் (அமெரிக்க அரசு வைத்திருக்கும் மாணவர், பரிமாற்றப் பார்வையாளர் பதிவேடு) எண் இருக்கும், அதை வைத்துத்தான் டிஎஸ்-160 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பத்தை நிரப்பணும். விசா கட்டணம் 185 டாலர், கட்டினால் திரும்ப வராது, 365 நாளுக்குள் தேதி எடுத்தாகவேண்டும். செவிஸ் கட்டணம் தனி, பெரும்பாலும் 220 டாலர். ஆனால் உன் திட்ட எண் ஜி-1, ஜி-2, ஜி-3 என்று தொடங்கினால் அதைக் கட்டவேண்டாம், பார்த்துக்கொள்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. டிஎஸ்-160இல் இனிஷியலை விரித்து எழுதலாமா? (மன்னார்குடி)

நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு இதே கதைதான் தம்பி. விரிக்காதே. உன் பெயரை சர்நேம் கட்டத்தில் போடு, கிவன் நேம் கட்டத்தில் எஃப்என்யூ (FNU, 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடு. விசாவிலும் அப்படியே வரும். அங்கே ஓர் அலுவலகத்தில் என்னை ஒரு மாதம் 'ஃப்னு, ஃப்னு' என்றே கூப்பிட்டார்கள்! டிஎஸ்-2019இல் பெயரோ பிறந்த தேதியோ பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டால், தேதி எடுப்பதற்கு முன்பே ஸ்பான்சரிடம் சொல்லித் திருத்திக்கொள்.

பிரவுசிங் சென்டரில் கொடுத்து நிரப்பலாமா? (திருவாரூர்)

நான் கொடுத்தேன், பட்டேன். நேர்காணல் பதிவுக் கணக்கை அவர்கள் மெயிலிலேயே திறந்துவிட்டார்கள், தேதியை மாற்ற நான் அவர்கள் கடைவாசலில் நிற்கவேண்டியதாயிற்று. நீயே நிரப்பு. விண்ணப்ப எண்ணை முதலிலேயே குறித்துவை, ஏனென்றால் 20 நிமிடம் சும்மா விட்டால் வெளியே தள்ளிவிடும், நம் ஊர் கரண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிஎஸ்-160ஐ மறுபடி நிரப்பினால் எண் மாறிவிடும், நேர்காணல் பதிவிலும் புது எண்ணை மாற்று.

திட்டம் ஆகஸ்டில். எவ்வளவு முன்னாடி போகலாம்? (நாகப்பட்டினம்)

தொடங்கும் தேதிக்கு 30 நாள் முன்பு. அதற்கு மேல் விடமாட்டார்கள்.

மகளுக்கு ஒரே நாளில் முடிந்துவிடுமாம்மா? பட்டா, சிட்டா எல்லாம் எடுத்துவரணுமா? நானும் உள்ளே வரலாமா? (பாபநாசம்)

இரண்டு வேலை ஐயா. கைரேகையும் போட்டோவும் விசா விண்ணப்ப மையத்தில், நேர்காணல் சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். இரண்டையும் தனித்தனி நாளாகவே நினைத்துக் கிளம்புங்கள். உழவன் ரயிலில் ராத்திரி ஏறினால் விடியலில் சென்னை, ஆனாலும் அன்றைக்கே காலை முதல் நேரத்தை எடுக்காதீர்கள், ரயில் தாமதமானால் தீர்ந்தது. பட்டா பையில் இருக்கட்டும், கேட்டால் ஒழிய நீட்டவேண்டாம். ஏன் இந்தத் திட்டம், முடித்துவிட்டு ஊருக்கு வந்து என்ன செய்வாய் என்பதற்குத்தான் பாப்பா தன் வாயால் பதில் சொல்லணும். நீங்கள் உள்ளே போகமுடியாது. ஆனால் கட்டாயம் வாருங்கள், செல்போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், அதை வைத்துக்கொண்டு வெளியே நிற்க ஓர் ஆள் வேண்டும்.