டவருக்குக் கீழே எரியும் டீசல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏர்டெல் தன் கரியமில உமிழ்வைப் பாதியாகக் குறைக்கப்போவதாகப் படித்தேன். எதில் பாதி?

பதில்: 2020-21 நிதியாண்டின் அளவில். 2030-31 நிதியாண்டுக்குள் 50.2 சதவீதம் குறைப்பது என்பது அறிவித்த இலக்கு. சொந்தமாக எரிக்கும் எரிபொருளும் விலைக்கு வாங்கும் மின்சாரமும் இதில் அடங்கும். இவை முதல், இரண்டாம் வகை. கருவி தயாரிப்பவர் போன்ற வெளியாட்கள் வழியே நிகழும் உமிழ்வு மூன்றாம் வகை. அதற்கு 42 சதவீதம். இந்த இலக்கு மொத்த டன் கணக்கில் இருப்பதை வரவேற்கிறேன். ‘ஒரு ஜிபிக்கு இவ்வளவு குறைத்தோம்’ என்று எந்த நிறுவனம் சொன்னாலும் எச்சரிக்கையாக இருங்கள். டேட்டா ஐந்து மடங்கானால், உமிழ்வு இரட்டித்தாலும் ஒரு ஜிபிக்கான எண் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

கேள்வி: எதிர்வீட்டு மனையில் டவர் இருக்கிறது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடுகிறது. அந்தப் புகை யார் கணக்கில் சேரும்?

பதில்: உச்சியிலுள்ள ஆன்டெனா ஒருவருடையது, அடியிலுள்ள ஜெனரேட்டர் வேறொருவருடையது என்பதே இந்தியாவில் பெரும்பாலும் வழக்கம். இடமும் மின்சாரமும் தருவது டவர் நிறுவனம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அங்கே வாடகைக்கு இருக்கின்றன. அந்த டீசல் டவர் நிறுவனத்துக்கு முதல் வகை. வாடகைக்கு இருப்பவர் அதைத் தன் மூன்றாம் வகையில் எழுதலாம். புகை ஒன்று, ஏடு இரண்டு.

2024 நவம்பரில் டவர் நிறுவனமான இண்டஸ் டவர்ஸ், ஏர்டெல்லின் துணை நிறுவனமானது. நிறுவன அமைப்பு இப்படிப் பெரிதாக மாறினால், ஒப்பீட்டுக்கு எடுத்த அடிப்படை ஆண்டின் எண்ணையும் திருத்திக் கணக்கிட வேண்டும் என்பது பசுங்குடில் வாயுக் கணக்கீட்டு நெறிமுறை. ஏர்டெல் அறிக்கையை எடுத்தால் நான் முதலில் தேடுவது அந்தத் திருத்தத்தைத்தான். பழைய அடிப்படையோடு புதிய எண்ணை ஒப்பிட்டால் ஏற்றமும் பொய், இறக்கமும் பொய்.

இன்னொன்று. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். டவர் ஜெனரேட்டர் பெரும்பாலும் தன் திறனுக்கு மிகக் குறைந்த சுமையில் ஓடுவதால் லிட்டருக்கு மூன்று யூனிட் கிடைத்தாலே பெரிது. வேலிக்குள் எட்டிப் பாருங்கள்: அதிரும் தகரப் பெட்டி, தரையில் எண்ணெய்க் கறை, புகைக்குழாய் பக்கமுள்ள எருக்கஞ்செடியின் இலையில் கரி. நல்ல லித்தியம் பேட்டரி இருந்தால் ஒன்றிரண்டு மணிநேர மின்வெட்டுக்கு அந்தப் பெட்டி உறங்கிக்கொண்டே இருக்கலாம்.

கேள்வி: இவ்வளவு வெயில் அடிக்கும் நாட்டில் டவர்களுக்குச் சூரிய மின்சாரம் வைக்க முடியாதா?

பதில்: முடியும், ஆனால் தாமதம் நீண்டுவிட்டது. கிராமப்புற டவர்களில் 50 சதவீதமும் நகர்ப்புறத்தில் 20 சதவீதமும் 2015-க்குள் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் சேர்ந்த கலப்பு மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2012 ஜனவரியிலேயே உத்தரவிட்டது. அந்தக் கெடு நிறைவேறவில்லை. மாடி டவருக்குச் சூரியத் தகடு வைக்க இடம் இராது. வெளியிலிருந்து பசுமை மின்சாரம் வாங்கலாம் என்றால், 2022-இல் வந்த விதி கேட்பது குறைந்தது 100 கிலோவாட் இணைப்பு. ஒரு டவருக்குத் தேவையோ சில கிலோவாட். ஒரே மின் கோட்டத்துக்குள் உள்ள பல இணைப்புகளைக் கூட்டிக் கணக்குக் காட்டலாம் என்பது பின்னர் வந்த நல்ல திருத்தம். இருந்தும், டேட்டா சென்டர் ஒன்றுக்கு ஒரே ஒப்பந்தத்தில் முடிகிற வேலை, டவர்களுக்கு ஊர் ஊராக நடக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: 5ஜி வந்ததால் மின்சாரம் மிச்சமா?

பதில்: ஒரு ஜிபிக்கு மிச்சம், ஒரு டவருக்குக் கூடுதல். பழைய 2ஜி, 4ஜி கருவிகள் அதே கம்பத்தில் தொடர்ந்து ஓடுகின்றன அல்லவா? நள்ளிரவில் யாரும் பேசாதபோது கருவிகளை உறக்கநிலைக்கு அனுப்பும் மென்பொருள் உண்மையாகவே உதவுகிறது.

கேள்வி: பழைய போனை மாற்றுவது சூழலுக்கு நல்லதா?

பதில்: இல்லை. ஸ்மார்ட்போனின் வாழ்நாள் உமிழ்வில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது. பேட்டரியை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: இந்த எண்களைச் சாதாரண வாசகர் எங்கே பார்ப்பது?

பதில்: பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் ‘பிஆர்எஸ்ஆர்’ என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்பது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் கட்டாயம். ஆண்டறிக்கையில் அதன் ஆறாம் கோட்பாட்டுக்கு, அதாவது சுற்றுச்சூழல் பகுதிக்குப் போங்கள். முதல் இரண்டு வகைகளும் இந்த ஆண்டு, போன ஆண்டு என்று அடுத்தடுத்து இருக்கும். மூன்றாம் வகை விருப்பப் பகுதியில்தான் இருக்கிறது. அந்த இடம் காலியாக இருந்தால் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.