பருந்துப் படம் கருப்பாக வருகிறதென்றால்

வணக்கம் நண்பரே. கிருஷ்ணகிரி அணையில் நடுப்பகலில் 300 மி.மீ. லென்சில் எடுத்த பருந்துகளெல்லாம் கரிய நிழலாக வந்திருக்கின்றன, பெரிய லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம், வீண் செலவு. கோளாறு நேரத்தில்தான் இருக்கிறது. தரை சூடேறியதும் எழும் வெப்பக்காற்றைப் பிடித்துப் பருந்துகள் வட்டமிட்டபடியே மேலே போய்விடும். அப்போது கிடைப்பது நிழல் விழுந்த அடிவயிறும் வெளுத்த வானமும்தான்.

விடிந்ததும் போங்கள். வெயில் உங்கள் முதுகில் விழட்டும். வானம் பின்னணியானால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் ஒளியளவை, ஒரு படி கூட்டுங்கள். ஷட்டர் வேகம் 1/2000 நொடி இருக்கட்டும்.

வயலோர மின்கம்பிகளைக் கவனியுங்கள். கருந்தோள் பருந்து அங்கேதான் உட்காரும். சாம்பல் முதுகு, சிவந்த கண். வண்டியை விட்டு இறங்காதீர்கள், இறங்கினால் பறந்துவிடும். எச்சமிட்டு உடலை முன்னே சாய்த்ததென்றால் பெரும்பாலும் அடுத்த நொடி கிளம்பும், விரல் பொத்தானில் இருக்கட்டும். காற்றை எதிர்த்தே எழும் என்பதால், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால் முகம் காட்டி வரும். வேட்டையின்போது அந்தரத்தில் சிறகடித்து நின்ற இடத்திலேயே நிற்கும். படத்துக்கு அதைவிட நல்ல தருணம் எனக்குத் தெரியாது.

அஞ்செட்டிக் காட்டுக்குள் பைக்கில் போகலாமென்றும் எழுதியிருக்கிறீர்கள், அந்த எண்ணத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அந்தப் பக்கக் காடுகள் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. யானை நடமாட்டம் அதிகம். வனத்துறை அனுமதியில்லாமல் சாலையை விட்டு உள்ளே இறங்கக்கூடாது. கூடு கண்ணில் பட்டால் படமெடுக்காமல் விலகிவிடுங்கள், இடத்தையும் இங்கே எழுதாதீர்கள்.